மலையில் இருப்பவர்களுக்கு: மோதிர அளவு எடுப்பதும் நகையை வீட்டில் பராமரிப்பதும் – முழுமையான வழிகாட்டி

குன்னூரில் நகைக்கடை கவுண்டரில் நிற்கிறவன் நான். அளவு சரியில்லை என்று மோதிரங்கள் அதிகம் திரும்பி வருவது ஏப்ரலிலும் மே மாதத்திலும்தான். ஜனவரிக் குளிரில் அளவெடுத்து ஆர்டர் கொடுத்தவர்கள், கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் இறங்கியதும் மோதிரம் விரலில் ஏறவில்லை என்று போன் செய்வார்கள். இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். கோவை வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கிச் சரியாகப் பார்த்து வாங்கிய மோதிரம், ஊட்டியில் காலையில் முகம் கழுவும்போது நழுவி விழும்.

காரணம் எளிது. குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி விரல் மெலிகிறது. சூட்டில் விரிந்து பருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோவை 400 மீட்டர் சொச்சம். நாம் காலையில் ஸ்வெட்டரோடு கிளம்பி மதியம் அங்கே வியர்த்துக்கொண்டு நிற்கிறவர்கள். அதனால் மலையில் இருப்பவர்கள் இரண்டு தட்பவெப்பத்துக்கும் சேர்த்தே அளவெடுக்க வேண்டும். நகையைச் சுத்தம் செய்வதிலும் எடுத்து வைப்பதிலும்கூட நம் குளிரும் ஈரமும் சில படிகளை மாற்றிவிடுகின்றன. கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

கோடு போடாத வெள்ளைத்தாள், நுனி கூரான பென்சில், மில்லிமீட்டர் கோடுகள் தெளிவாக இருக்கும் ஸ்கேல், கத்தரிக்கோல், செல்லோடேப். இவ்வளவு போதும்.

நூல் வேண்டாம். பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது நூலைத்தான், அளவு தவறுவதும் பெரும்பாலும் அதனால்தான். இழுத்தால் நீளும், சுற்றும்போது சாய்ந்து போகும், தளர்த்தினால் சுருங்கும். கம்பளி நூலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். தாள் நீளாது.

தையல் டேப்பும் சரிவராது. அதன் அகலம் விரலில் நேராக உட்காராது, பழைய டேப் நீண்டும் போயிருக்கும்.

2. எப்போது அளப்பது

தூங்கி எழுந்ததும் அளக்காதீர்கள். வெந்நீரில் குளித்து வந்ததும், கணப்பின் பக்கத்தில் உட்கார்ந்து கை காய்ந்ததும், உப்பு தூக்கலாகச் சாப்பிட்ட மறுநாளும் வேண்டாம். இந்த நேரங்களில் விரல் வழக்கத்தைவிட அதிகமாகப் பருத்திருக்கும். வெளியே பனியில் நடந்து வந்த கையோடும் அளக்கக் கூடாது, அப்போது மெலிந்திருக்கும்.

வீட்டுக்குள் ஒரு அரை மணி நேரம் சும்மா இருந்த பிறகு, மாலையில் அளப்பது நல்லது. நாள் முழுக்க வேலை செய்த கை மாலையில் அதன் வழக்கமான பெரிய அளவுக்கு வந்திருக்கும். கோத்தகிரிப் பக்கம் ஹெத்தையம்மன் திருவிழாவை ஒட்டி மோதிரம் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அது டிசம்பர்–ஜனவரி, உறைபனி விழும் பருவம். அந்தச் சமயத்தில் அளக்க நேர்ந்தால் இன்னொரு அளவும் எடுங்கள்: மேட்டுப்பாளையமோ கோவையோ போகிற அன்று, அங்கேயே நிழலில் உட்கார்ந்து ஒரு முறை. இரண்டுக்கும் நடுவில் மோதிர அளவு எண்ணில் (கணக்கு 4-ஆம் பகுதியில்) சில பேருக்கு ஒரு எண், சிலருக்கு இரண்டு எண் வித்தியாசம் வருவதைப் பார்க்கிறேன்.

எதை எடுத்துக்கொள்வது? வருடத்தில் பெரும்பகுதி மலையிலேயே இருப்பவர் என்றால் மலையில் மாலையில் எடுத்த அளவோடு அரை எண் கூட்டுங்கள். கடையில் அரை எண் இல்லையென்றால் அடுத்த முழு எண். வேலைக்காக வாரம் இரண்டு மூன்று நாள் இறங்கி ஏறுபவர் என்றால் கீழே எடுத்த அளவையே வைத்துக்கொண்டு, குளிர் மாதங்களுக்கு 7-ஆம் பகுதியில் சொல்லியிருக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். தளர்ந்த மோதிரத்தை இறுக்குவது எளிது. இறுகிய மோதிரம் விரலுக்கே ஆபத்து.

கர்ப்பிணிகள், கை வீக்கம் உள்ளவர்கள், வீக்கத்துக்கு மருந்து எடுப்பவர்கள் இப்போது அளவெடுக்க வேண்டாம். உடல் பழைய நிலைக்கு வந்த பிறகு எடுக்கலாம்.

3. விரலை அளப்பது

தாளிலிருந்து 5 மில்லிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பட்டை ஒன்றை வெட்டுங்கள். ஓரம் கோணாமல் நேராக இருக்கட்டும். கோணல் பட்டை கோணலாகத்தான் சுற்றும்.

மோதிரம் போடப் போகிற அதே விரலில், அதே கையில் அளக்க வேண்டும். வலது கைக்காரர்களுக்கு வலது விரல்கள் பொதுவாகக் கொஞ்சம் பருமன். இடது கையில் அளந்துவிட்டு வலது கையில் போட்டுப் பார்த்து வருத்தப்படுகிறவர்கள் உண்டு.

பட்டையை விரலின் அடியில், மோதிரம் உட்காரும் இடத்தில் சுற்றுங்கள். தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. முனை மேலேறும் இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள்.

பிறகு கணுவை அளக்க வேண்டும். பலரும் விட்டுவிடும் படி இது. மோதிரம் கணுவைத் தாண்டித்தான் உள்ளே போகும். பட்டையின் இரண்டு முனைகளையும் அந்தக் கோட்டிலேயே டேப் போட்டு வளையமாக்கி, விரல் நுனியிலிருந்து தள்ளிப் பாருங்கள். கணுவில் லேசாகத் தடுத்து, கொஞ்சம் திருகினால் போகிற மாதிரி இருந்தால் சரி. போகவே இல்லையென்றால் கணுவின் சுற்றளவையும் அளந்து, இரண்டு அளவுக்கும் நடுவில், கணுப் பக்கம் சாய்ந்த அளவை எடுங்கள். மூட்டு வீங்கிய பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படும்.

வளையத்தைப் பிரித்து, ஸ்கேலில் பட்டையின் முனையிலிருந்து கோடு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேலின் ஓரத்திலிருந்து அளக்காமல், பூஜ்யம் எழுதிய கோட்டிலிருந்து அளங்கள். ஒரே பட்டையைத் திரும்பப் பயன்படுத்தாமல், வேறு நாளில் புதுப் பட்டையில் இன்னும் இரண்டு முறை அளந்து, நடுவில் வருகிற அளவை எடுங்கள்.

4. மில்லிமீட்டரை எண்ணாக மாற்றுவது

நம் கடைகளில் சொல்லும் மோதிர எண்ணுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் ஒரு கணக்கு இருக்கிறது. சுற்றளவு எத்தனை மில்லிமீட்டரோ அதில் 40-ஐக் கழித்தால் எண் வரும். 52 மில்லிமீட்டர் என்றால் 12. 54 என்றால் 14. கடைக்குக் கடை பட்டியல் கொஞ்சம் முன்பின் இருக்கும். அதனால் ஆர்டர் கொடுக்கும்போது எண்ணை மட்டும் சொல்லாமல், “உள் சுற்றளவு 54 மில்லிமீட்டர்” என்று சேர்த்தே எழுதுங்கள். பிறகு தகராறு வராது.

அமெரிக்க எண் வேறு. அந்த முறையில் 7 என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 14. ஆன்லைனில் 7 என்று போட்டிருப்பதைப் பார்த்து நம் 7 என்று நினைத்தால் குழந்தை மோதிரம் போலத் தெரியும். ஏ, பி, சி என்று எழுத்தில் இருந்தால் அது பிரிட்டிஷ் முறை.

கடைத் தளங்களில் தரவிறக்கி அச்சிடும் அளவுப் பட்டியலைப் பயன்படுத்துவதாக இருந்தால், அச்சிட்ட தாளை முதலில் சோதியுங்கள். ஏடிஎம் கார்டின் நீளம் எந்த வங்கியானாலும் 85.6 மில்லிமீட்டர்தான். தாளில் உள்ள அளவுகோலின் மேல் கார்டை வைத்துப் பாருங்கள். ஒத்துவரவில்லையென்றால் பிரிண்டர் பக்கத்தைச் சுருக்கியிருக்கிறது. அச்சிடும்போது நூறு சதவீதம் என்று தேர்ந்தெடுத்து மறுபடி எடுக்க வேண்டும். கடைகளில் அச்சிடுகிறவர்கள் தாளுக்குள் அடங்கட்டும் என்று தாமாகவே சுருக்கிவிடுவது வழக்கம்.

5. இருக்கிற மோதிரத்திலிருந்து அளவெடுப்பது

நிச்சயதார்த்தத்துக்குச் சொல்லாமல் வாங்கப் போகிறவர்கள் இந்த வழிக்குத்தான் வருவார்கள். அந்த மோதிரம் எந்தக் கையில் எந்த விரலில் போடுவது என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். இது தெரியாமல் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை.

மோதிரத்தை ஸ்கேல் மேல் வைத்து உள் விட்டத்தைப் பார்ப்பதுதான் வழக்கம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விட்டத்தை 3.14-ஆல் பெருக்கினால்தான் சுற்றளவு. விட்டத்தில் அரை மில்லிமீட்டர் தவறினால் சுற்றளவில் 1.5 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும், அதாவது ஒன்றரை எண். கண்ணால் பார்த்து அரை மில்லிமீட்டர் தவறாமல் சொல்வது கஷ்டம்.

தாளை வைத்தே செய்யலாம். மெல்லிய தாள்பட்டையைச் சுருட்டி மோதிரத்துக்குள் விடுங்கள். தானாக விரிந்து உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். முனை மேலேறும் இடத்தில் கோடு போட்டு, எடுத்து நேராக்கி அளந்தால் உள் சுற்றளவே கிடைத்துவிடும். பெருக்க வேண்டியதில்லை. மோதிரம் கோணியிருந்தாலும் இந்த முறையில் அளவு தவறாது.

6. வடிவத்துக்கு ஏற்ற திருத்தம்

மேலே வந்த எண் மெல்லிய மோதிரத்துக்கு. அகலம் 5, 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் தோலை அதிகம் பிடிக்கும், மடக்கும்போது சதை பிதுங்கும். அரை முதல் ஒரு எண் வரை கூட்டுங்கள். நெளி மோதிரத்தையும் அகல மோதிரமாகவே கணக்கில் எடுங்கள். வங்கி மோதிரத்தின் (V வடிவில் வளைந்தது) கூர்முனை விரலின் அடிப்பக்கம் இறங்கி நிற்கும், அதனால் அளக்கும்போது பட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கி அளக்க வேண்டும்.

பெரிய கல் வைத்த மோதிரம் மேல்பக்கம் கனத்து, விரலைச் சுற்றிச் சாயும். அதை அகலமானது என்று நினைத்து எண்ணைக் கூட்டினால் இன்னும் சுழலும். இதற்கு அளந்த எண்ணே சரி.

வெள்ளி மெட்டி பெரும்பாலும் அடியில் திறந்திருக்கும், வளைத்துச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அடிக்கடி வளைத்தால் அதே இடத்தில் விரிசல் விடும். குளிருக்கு சாக்ஸ் போடுகிறவர்கள் முனை நூலில் மாட்டாத அளவுக்கு உள்ளே மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

7. மோதிரம் கைக்கு வந்த அன்று

முதலில் முத்திரை. தங்கத்தில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறி, தூய்மை எண், எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஆறு இருக்கும் ஹெச்யூஐடி என்ற அடையாள எண் என்று மூன்று இருக்க வேண்டும். 22 காரட்டுக்கு 916, 18 காரட்டுக்கு 750. அந்த ஆறையும் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் அது என்ன நகை, எந்தத் தூய்மை என்று காட்டும். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு இது கட்டாயமில்லை. அதனால் மிக லேசான மோதிரத்தில் முத்திரை இல்லாமலும் இருக்கலாம்; பில்லில் காரட் எழுதி வாங்குங்கள்.

அடுத்து அளவு. போட்டுக்கொண்டு முஷ்டி மடக்குங்கள், வலிக்கக் கூடாது. கழற்றும்போது கணுவில் லேசாகத் தடுக்க வேண்டும். அப்புறம் நம் ஊர்ச் சோதனை: குழாய்த் தண்ணீரில் கையை ஒரு நிமிடம் வைத்து, துடைத்து, கட்டிலில் விரித்த போர்வைக்கு மேலே கையை நன்றாக உதறுங்கள். விழுந்தாலோ கணு வரை வந்தாலோ குளிர் மாதங்களில் அது நிற்காது.

தளர்ந்தால், மோதிரத்தின் அடிப்பாகத்தில் நூல் சுற்றுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். அது வேலை செய்யும். ஆனால் நனைந்த நூல் மலையில் நாள் முழுக்கக் காயாது. அடியில் தோல் வெந்துவிடும். நனைந்ததும் மாற்றுங்கள், இரவில் கழற்றிவையுங்கள். அல்லது சிலிக்கோன் இறுக்கியை வாங்கி அடியில் மாட்டி, வெயில் காலத்தில் எடுத்துவிடலாம். நிரந்தரமாக வேண்டுமென்றால் ஆசாரியிடம் சொல்லி உள்பக்கம் அடியில் இரண்டு சிறு தங்கக் குண்டுகள் பற்றவைத்துக்கொள்ளலாம். கணுப் பெரிதாகவும் அடி மெலிந்தும் இருக்கும் விரலுக்கு இதுதான் நல்ல வழி.

இறுகிக்கொண்டால், அதுவும் மலை இறங்கும் வழியில் அப்படி ஆனால், பலமாக இழுக்காதீர்கள். இழுக்க இழுக்கக் கணு வீங்கும். கையை நெஞ்சுக்கு மேலே சில நிமிடங்கள் தூக்கிப் பிடியுங்கள். குளிர்ந்த நீரில் வையுங்கள். பிறகு திரவ சோப்பு தடவித் திருகித் திருகி எடுங்கள். வீட்டில் தேங்காயெண்ணெயை எடுத்தால் இங்கே பாதி வருடம் அது உறைந்திருக்கும், உருக்கித்தான் தடவ வேண்டும்.

அப்படியும் வரவில்லையென்றால் நூல்: மெல்லிய நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மோதிரத்தின் விளிம்பிலிருந்து கணுவைத் தாண்டும் வரை இடைவெளி இல்லாமல் நெருக்கமாகச் சுற்றுங்கள். உள்ளே நுழைத்த முனையை விரல் நுனிப் பக்கமாகப் பிரித்துக்கொண்டே வந்தால் மோதிரம் நூலோடு சேர்ந்து நகரும். விரல் நீலமாகவோ மரத்தோ போனால் இதையெல்லாம் விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்; தீயணைப்பு நிலையத்திலும் வெட்டி எடுத்துத் தருவார்கள். வெட்டிய மோதிரத்தைப் பற்றவைத்துவிடலாம்.

8. அளவு மாற்றக் கொடுக்கும்போது

கொடுப்பதற்கு முன் உங்கள் கண்முன் எடை போடச் சொல்லி, எடையைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வாங்கும்போதும் எடை பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை, நல்ல கடைக்காரர் தானாகவே செய்வார்.

கல் இல்லாத மோதிரத்தை ஒரு எண் வரை நீட்டிப் பெரிதாக்கலாம். அதற்கு மேல் நீட்டினால் உலோகம் மெலியும்; துண்டு சேர்த்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள், அதே காரட் துண்டு என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். முத்திரை இருக்கும் இடத்தில் வெட்ட வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது நினைவில் இருக்கும் என்று உறுதியில்லை.

சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தையும் நவரத்தின மோதிரத்தையும் அளவு மாற்றுவது கடினம். பற்றவைக்கும் சூடு முத்து, பவளம், மரகதத்தைக் கெடுக்கும். ஒவ்வொரு கல்லையும் கழற்றி மறுபடி பதிக்க வேண்டிவரும். இந்த வகை வாங்குகிறவர்கள் 2-ஆம் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

9. தங்கத்தைச் சுத்தம் செய்வது

சிங்க்கில் செய்யாதீர்கள். தரையில் துண்டு விரித்து, இரண்டு கிண்ணம், ஒரு டீ வடிகட்டி, குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ், பழைய பருத்தித் துணி எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கல் கழன்று விழுந்தாலும் துண்டில்தான் கிடக்கும்.

இரண்டு கிண்ணத்திலும் வெதுவெதுப்பான நீர். ஒன்றில் மட்டும் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு. இரண்டாவது கிண்ணம் எதற்கு என்று கேட்பார்கள். நம் குழாயில் வருகிற குளிர்ந்த நீரில் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் சரியாக அலசிப் போகாது. சூட்டிலிருந்து சட்டென்று அந்தக் குளிரில் போட்டால் சில கற்களில் விரிசலும் விழலாம்.

சோப்பு நீரில் கால் மணி நேரம் ஊறட்டும். சங்கிலிக் கண்ணிகளில் இருக்கும் மஞ்சள், குங்குமம், சந்தனம் எல்லாம் ஊறினால்தான் இளகும். ஊறாமல் தேய்ப்பது கீறலில் முடியும். பிறகு பிரஷால் மெல்ல, உள்பக்கத்திலிருந்து வெளியே. வடிகட்டியில் வைத்து இரண்டாவது கிண்ணத்தில் முக்கி முக்கி அலசி, துணியில் ஒற்றி எடுங்கள்.

பூந்திக்கொட்டை இருந்தால் வெறும் தங்க நகைக்கு அதுவே போதும். நாலைந்தை உடைத்துக் கொட்டையை நீக்கி, தோலை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிய நுரை நீர் பிசுக்கை நன்றாக எடுக்கும். கண்ணில் பட்டால் எரியும்.

டூத்பேஸ்ட், சாம்பல், விம் பவுடர் மூன்றும் வேண்டாம். 22 காரட் மென்மையான உலோகம், இவையெல்லாம் கீறிவிடும். கீறலுக்கு மேல் வெளிச்சம் சிதறுவதால் முதலில் பளிச்சென்று தெரியும், நாலு மாதத்தில் மங்கும். பிளீச்சிங் பவுடர் கரைசலில் தங்கம் படவே கூடாது. அதிலுள்ள குளோரின் தங்கத்தோடு கலந்த மற்ற உலோகங்களைத் தாக்கும். கல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய நகங்கள் முதலில் முறியும். வெள்ளைத் தங்கத்தின் மேல் ரோடியம் பூச்சு இருக்கும், அதைத் தேய்த்தால் மஞ்சள் தலைகாட்டும்.

தங்கத்தில் திடீரென்று வெள்ளைத் திட்டு வந்தால் உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசம் பட்டிருக்கலாம். அதைத் தேய்க்காதீர்கள், சூடு காட்டாதீர்கள். பாதரச ஆவி விஷம். ஒரு டப்பாவில் மூடி, ஆசாரியிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

10. கல் நகைகள்

முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. புளி, எலுமிச்சை, வினிகர் பட்டால் மேல்பரப்பு கரையும், மினுமினுப்பு திரும்பி வராது. ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். மரகதத்தில் இருக்கும் நுண்விரிசல்களை மறைக்கப் பெரும்பாலும் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். வெந்நீரும் சோப்பும் அந்த எண்ணெயை எடுத்துவிடும், விரிசல் வெளியே தெரியும்.

கெம்பு நகைகளைத் திருப்பிப் பாருங்கள். கல்லின் பின்பக்கம் மூடியிருந்தால் உள்ளே அரக்கு இருக்க வாய்ப்பு உண்டு. இவற்றை ஊறவைக்கவே கூடாது. உள்ளே போன நீர் வெளியே வராமல், கல்லுக்கு அடியில் இருக்கும் தகடு கறுக்கும். ஆன்லைனில் விற்கும், நகை கழுவும் அதிர்வு மெஷினிலும் முத்து, பவளம், மரகதம், மூடிய பதிப்பு எதையும் போடாதீர்கள்.

வைரம் தண்ணீருக்கும் சோப்புக்கும் அஞ்சாது, ஆனால் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். பனிக்காலத்தில் கை வெடிப்புக்கு வாசலின் தடவாதவர் இங்கே யார்? மோதிரத்தோடு தடவினால் கல்லின் அடியில் போய் அடைத்து, வைரம் கண்ணாடி மாதிரி மங்கும். கழற்றிவிட்டுத் தடவி, கை உலர்ந்ததும் போடுங்கள். நீலகிரித் தைலத்துக்கும் இதே விதிதான். அது பசையைக் கரைக்கும், கல்லைப் பசையால் ஒட்டிய கவரிங் நகைகளில் கல் உதிர்ந்துவிடும்.

11. வெள்ளி கறுத்தால்

வெள்ளியைக் கறுக்க வைப்பது காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள். ஈரம் இருந்தால் வேகம் கூடும். கரி அடுப்புப் புகை, பூண்டு, வெங்காயம், முட்டை, ரப்பர் பேண்ட், கம்பளி எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு. பூண்டு உரித்த கையோடு கொலுசைத் தொட்டால் அடுத்த நாள் அடையாளம் தெரியும்.

ஒரு பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளைப் பளபளப்பான பக்கம் மேலே வருமாறு விரியுங்கள். வெள்ளியை அதன் மேல், தாளைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா தூவி, கொதித்த நீரை ஊற்றுங்கள். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போகும், அழுகிய முட்டை வாசனை வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஊட்டி உயரத்தில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அந்தச் சூடு இதற்குப் போதும். சில நிமிடங்களில் எடுத்து அலசித் துடையுங்கள். தாளைத் தொடாத இடம் மட்டும் கறுப்பாகவே நிற்கும், திருப்பி வைத்து மறுபடி ஊற்ற வேண்டும்.

கல் வைத்த வெள்ளிக்கு இது கூடாது. வேலைப்பாட்டின் பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பேற்றிய நகைகளுக்கும், பாட்டி காலத்துப் பழைய வெள்ளிக்கும் கூடாது. அந்தக் கறுப்பு போனால் உருவமே தட்டையாகத் தெரியும். அவற்றை மென்துணியால் மேடான இடங்களில் மட்டும் தேய்த்து நிறுத்துங்கள்.

12. உலர்த்தி எடுத்து வைப்பது

மலையில் நகை கெடுவது பெரும்பாலும் பெட்டிக்குள்ளேதான். துடைத்தது போலத் தெரியும் சங்கிலியின் கண்ணிகளுக்குள் ஈரம் இருக்கும். மூடிய பெட்டியில் அது எங்கேயும் போகாது. துடைத்த பிறகு உலர்ந்த துணியில் பரப்பி, வெயில் வருகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பகல் விடுங்கள். மூடுபனி நாளாக இருந்தால் ஹேர் டிரையரைக் குளிர் காற்றில் வைத்துக் காட்டலாம்.

ஒவ்வொரு நகையும் தனித்தனி ஜிப் பையில். வைரம் மற்ற எல்லாவற்றையும் கீறும், அதனால் சேர்த்துப் போடக் கூடாது. பையில் காற்றை வெளியேற்றி மூடி, வெள்ளி உள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். சாக்பீஸ் துண்டும் ஓரளவு ஈரத்தை இழுக்கும். முத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் பை வேண்டாம். முத்து முழுக்க வறண்டால் வெடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். செய்தித்தாள், ரப்பர் பேண்ட், பழைய ஸ்வெட்டர் துணி எதுவும் நகைக்கு அருகில் வரக் கூடாது.

பெட்டியை வெளிச்சுவரை ஒட்டிய பீரோ அறையில் வைக்காதீர்கள். அந்தச் சுவர்தான் வீட்டிலேயே குளிர்ந்தது, உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். வீட்டின் நடுச்சுவர் பக்கம், மேல்தட்டில் வையுங்கள்.

சிலிக்கா ஜெல்லை மாற்றும் மாதம் ஊருக்கு ஊர் வேறு. கூடலூர், பந்தலூர், நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். மே கடைசியில் புதுப் பொட்டலம் போட்டு, ஆகஸ்டில் ஒரு முறை திறந்து பாருங்கள். குன்னூர், கோத்தகிரியில் கனமழை அக்டோபரிலிருந்துதான், அதனால் இங்கே செப்டம்பர் கடைசியில் மாற்றுவது சரி. ஊட்டிக்காரர்களுக்கு இரண்டு மழையும் உண்டு, இரண்டு முறை மாற்ற வேண்டும். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது மாற்றுவது என்று அதுவே காட்டிவிடும்.

திறந்து பார்க்கும் அன்றைக்கே கம்மல், மூக்குத்தியின் திருகாணிகளையும் கல்லைப் பிடித்திருக்கும் நகங்களையும் சரிபாருங்கள். மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் தட்டினால், கல் ஆடினால் மெல்லிய சத்தம் கேட்கும். தினமும் போடுகிற மோதிரத்தின் அடிப்பாகத்தையும் பாருங்கள், தேய்வது அங்கேதான். தேயிலைக் கத்தரி பிடிப்பவர்களும், கேரட் கழுவும் வேலையில் இருப்பவர்களும் வேலைக்குப் போகும்போது மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டே போங்கள். மண்ணின் மணல் கீறும் என்பது சிறிய காரணம். மெஷினிலோ பஸ் கதவிலோ மோதிரம் மாட்டினால் விரலையே பிய்த்துவிடும் என்பதுதான் பெரிய காரணம்.